வெட்டாத கத்தியும் வெளியேறாத கட்டியும்

ஹல்க் ஆக நடிக்கும் மார்க் ரஃபலோவுக்கு இடது காது கேட்காது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2000களின் தொடக்கத்தில், சினிமாவில் அவர் மேலே வந்துகொண்டிருந்த நேரம், காதுக்கும் மூளைக்கும் இடையில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் இல்லை. ஆனாலும் தலையைத் திறந்து எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே அந்தக் காதின் கேட்டலும் போனது. முகத்தின் ஒரு பக்கம் பல மாதங்கள் அசையாமல் கிடந்து பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

அந்தக் கட்டியின் பெயர் அகூஸ்டிக் நியூரோமா. ரஃபலோவின் கதையைச் சொல்வது சுகம். அதில் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருக்கு. ஆனால் இதே கட்டி வந்து, தலையைத் திறக்காமல் கதிர்வீச்சால் சிகிச்சை பெற்றவர்களின் கதையைச் சொல்வது கஷ்டம். "எல்லாம் முடிஞ்சுது" எண்டு டொக்டர் சொல்லுவார். "அப்ப கட்டி?" எண்டு வீட்டில கேட்பினம். "அது அங்கதான் இருக்கு" எண்டு சொல்ல வேணும். வீட்டில ஒருத்தருக்கும் விளங்காது.

கட்டி உள்ளேயே இருப்பதை வைத்தியம் எப்போதிருந்து வெற்றி என்று எண்ணத் தொடங்கியது? அந்த வெற்றியோடு வாழ்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு 250 வருச வரலாற்றுக்குள் கொஞ்சம் நடப்போம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. வரலாறு வாசிக்கிற ஆக்கள். அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறோம்.

பெயரிலேயே பிழை

முதலில் இது என்ன கட்டி என்று பார்ப்போம். மூளையிலிருந்து வெளியே வரும் நரம்புச் சோடிகளில் எட்டாவது, காதுக்குப் போவது. அதற்கு இரண்டு கிளைகள். ஒன்று கேட்பதற்கு, மற்றது உடம்பின் சமநிலைக்கு. கட்டி பெரும்பாலும் சமநிலைக் கிளையில்தான் வருகிறது, அதுவும் நரம்பிலிருந்து அல்ல, நரம்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஷ்வான் கலங்களிலிருந்து. 'அகூஸ்டிக்' என்றால் கேட்டல் சார்ந்தது, 'நியூரோமா' என்றால் நரம்புக் கட்டி. ஆக இரண்டு சொல்லும் பிழை. 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய ஒரு மாநாடு 'வெஸ்டிபியூலர் ஷ்வானோமா' என்ற சரியான பெயரைப் பரிந்துரைத்தது. நோயாளிகள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெயரைவிட முக்கியம் இடம். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு சின்னக் குழாய். அதற்குள் கேட்டல் நரம்பும் சமநிலை நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் ஒன்றாகப் போகின்றன. ஒரே பைப்புக்குள்ள மூண்டு வயர் இழுத்த மாதிரி. அதற்குள் ஒரு பட்டாணி அளவு கட்டி வந்தாலும் எல்லா வயரும் நெரிபடும். கட்டி இன்னும் வளர்ந்து குழாயை விட்டு உள்ளே போனால், அங்கே மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு இருக்கிறது. கட்டி சாதுவானது, இருக்கிற இடம்தான் சாதுவில்லை.

வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலானோருக்கோ இது கண்டுபிடிக்கப்படுகிறது. வளர்ச்சி ஆமை வேகம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வளரும், பல கட்டிகள் வருசக்கணக்காக வளராமலும் கிடக்கும். முதலில் ஒரு காது மந்தமாகும். போனை அந்தக் காதில் வைத்தால் குரல் கேட்கும், சொல் விளங்காது. பிறகு இரைச்சல், நடையில் ஒரு தள்ளாட்டம்.

உயிர் தப்பினால் போதும்

1777இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எட்வார்ட் சாண்டிஃபோர்ட் என்ற உடற்கூற்றியலாளர், இறந்த ஒருவரின் செவிநரம்பில் ஒட்டியிருந்த ஒரு கட்டியை விவரித்து எழுதினார். இந்தக் கட்டியைப் பற்றிய முதல் பதிவாக அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கும் மேலாக இந்த நோய் பிணவறையில் மட்டும்தான் உறுதியாகத் தெரியவந்தது. உயிரோடு இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலையிடி, செவிடு, பார்வை மங்கல், மரணம்.

1894இல் லண்டனில் சார்ள்ஸ் பலன்ஸ் ஒரு பெண்ணின் தலையைத் திறந்து இப்படி ஒரு கட்டியை விரலால் தோண்டி எடுத்தார். ஓம், விரலால்தான். அந்தக் காலத்தில் அதுதான் முறை. அந்தப் பெண் பிழைத்துப் பல வருடங்கள் வாழ்ந்தார். ஆனால் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது, அந்தப் பக்கக் கண்ணையும் பிறகு அகற்ற வேண்டி வந்தது. வைத்திய வரலாறு இதை வெற்றி என்று எழுதி வைத்திருக்கிறது. அன்றைய கணக்கில் அது வெற்றிதான். அதற்குப் பிறகான இருபது வருடங்களில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர்களின் கைகளிலேயே பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்கரான ஹார்வி குஷிங். 1917இல் இந்தக் கட்டியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் செய்தது ஒரு எளிய காரியம்: கட்டியை முழுதாக எடுக்கவில்லை. உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, மூளைத்தண்டு மேலிருந்த அழுத்தத்தைக் குறைத்தார். இறப்பு வீதம் ஐந்தில் ஒன்று அளவுக்கு இறங்கியது. ஆனால் விட்டுவைத்தது திரும்ப வளர்ந்தது. சில வருசத்தில் அதே ஆள் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார், அல்லது வராமலே போனார்.

குஷிங்கிடம் பயின்ற வோல்டர் டண்டி இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நின்றார். முழுக் கட்டியையும் எடுக்க வேணும், மிச்சம் வைத்தால் அது சிகிச்சையே இல்லை என்பது அவரின் கட்சி. 1922இல் டண்டி இதைப் பற்றி எழுதியதும் குருவுக்கும் சிஷ்யனுக்கும் இடையில் பெரிய சண்டை வந்தது. நரம்பியல் சத்திரசிகிச்சை வரலாற்றில் பேர்போன சண்டை அது. டண்டி வென்றார். அடுத்து வந்த தலைமுறைக்கு முழுதாக எடுப்பதுதான் இலட்சியம், மிச்சம் விடுவது தோல்வி.

முழுதாக எடுத்ததன் விலையைக் கட்டியவர்கள் நோயாளிகள். கட்டி போகும், முகமும் போகும். மூடாத கண், ஒரு பக்கம் இழுபட்ட வாய், தேத்தண்ணி குடித்தால் கடைவாயால் வழியும். 1960களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் காதின் ஊடாகவே கட்டிக்குப் போகும் வழி ஒன்றைத் திறந்தார். முதலில் பல் வைத்தியம் படித்து, பிறகு காது வைத்தியத்துக்கு வந்தவர். நுணுக்குக்காட்டியும் சின்னத் துளைகருவியும் வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தபோது உயிரிழப்பு மிகவும் குறைந்தது, பலரின் முகமும் தப்பியது. ஆனால் அந்த வழியில் போனால் உட்காது அழியும். மிச்சமிருக்கும் கேட்டலைக் கைவிட்டுத்தான் போக வேணும்.

சுவீடனில் ஒரு தலைக்கவசம்

இதே காலத்தில் சுவீடனில் லார்ஸ் லெக்செல் வேறு திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். ஸ்டொக்ஹோமில் ஹெர்பெர்ட் ஒலிவெக்ரோனாவிடம் பயின்றவர். ஒலிவெக்ரோனா இந்தக் கட்டிகளை அறுப்பதில் பெரிய கை. ஆகவே திறந்த தலையில் என்னென்ன நடக்கும் என்று லெக்செல் கிட்ட நின்று பார்த்தவர். மூளையின் ஆழத்தில் ஒரு சின்னப் புள்ளியைத் தொடுவதற்காக வழியில் இருப்பதையெல்லாம் ஏன் விலக்க வேணும் என்பது அவரின் கேள்வி. 1951இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் 'ரேடியோசேர்ஜரி' என்ற சொல் பிறந்தது. கத்தி செய்வதைக் கதிர் செய்யட்டும் என்பது அதன் பொருள்.

உப்சாலாவின் கதிர்வீச்சு ஆய்வாளர் பியோர்ஜே லார்சனும் அவருமாகச் சேர்ந்து முதலில் புரோட்டன் கதிர்களைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பிறகு கோபால்ட்-60க்கு வந்தார்கள். 1968இல் ஸ்டொக்ஹோமின் சோஃபியாஹெம்மெட் வைத்தியசாலையில் 'காமா நைஃப்' என்ற முதல் கருவி வேலை செய்யத் தொடங்கியது. கனத்த தலைக்கவசம் மாதிரி ஒன்றில் 179 கோபால்ட் மூலங்கள், எல்லாம் ஒரே புள்ளியைப் பார்த்தபடி.

அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கத் தேர் வடத்தை நினைத்தால் போதும். ஒரு ஆள் இழுத்தால் தேர் அசையாது. நூற்றுக்கணக்கானோர் ஒரு சேர இழுத்தால் நகரும். இங்கேயும் ஒவ்வொரு கதிரும் தனியே பலவீனமானது, தான் கடந்து போகும் மூளைப் பகுதிக்குப் பெரிய சேதம் செய்யாது. எல்லாம் சந்திக்கிற அந்தப் புள்ளியில் மட்டும்தான் சேர்ந்த பலம். அங்கே கலங்களின் டி.என்.ஏ. உடைகிறது, கட்டிக்குப் போகும் சின்ன இரத்தக் குழாய்கள் மெல்ல மூடிக்கொள்கின்றன. கட்டி கரைந்து போவதில்லை, பெருகுகிற சக்தியைத்தான் இழக்கிறது.

லெக்செல் இந்தக் கருவியை இந்தக் கட்டிக்காகச் செய்யவில்லை. தீராத வலி, பார்க்கின்சன் நடுக்கம் போன்றவற்றுக்காகச் செய்தார். 1969இல்தான் முதல் முறையாக ஒரு அகூஸ்டிக் நியூரோமாவுக்கு அதைப் பாவித்தார். சி.ரி. ஸ்கானே வந்திராத காலம். இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் மில்லிமீற்றர் கணக்கில் தெரிகிற கட்டியை அன்று எக்ஸ்ரே நிழலில் ஊகித்துத்தான் குறிவைத்தார்கள்.

1980களில் இந்தக் கருவி சுவீடனுக்கு வெளியே போனது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், 1987இல் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க். டண்டியின் வாரிசுகளுக்கு இது பிடிக்கவில்லை. கட்டியை உள்ளே விட்டுவிட்டு அதை எப்படிச் சிகிச்சை என்கிறீர்கள், புற்றுநோய் இல்லாத ஒன்றுக்குக் கதிர்வீச்சா என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கதிர்வீச்சால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் அபாயம் மிக மிக அரிது என்று பிறகு தெரிந்தது. முதல் கேள்விக்குப் பதில் வேறு விதமாக வந்தது, கேள்வியையே மாற்றினார்கள். 'கட்டி போய்விட்டதா' என்று கேட்பதை விட்டு 'கட்டி வளர்கிறதா' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதில் 'இல்லை'. குஷிங் காலத்தில் குறையாகத் தெரிந்த 'மிச்சம்' இப்ப திட்டமாகவே ஆனது.

12 கிரே என்ற இலக்கம்

ஆரம்ப வருடங்களில் கட்டியின் ஓரத்துக்கு 18 முதல் 20 கிரேயும் அதற்கு மேலும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி அடங்கியது. ஆனால் கணிசமானவர்களின் முகம் பலவீனமானது, கன்னம் விறைத்தது, கேட்டல் போனது. அதைப் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 1990களில் அது 12, 13 கிரேயில் வந்து நின்றது. இந்த அளவில் கட்டியும் அடங்குகிறது, நிரந்தரமாக முகம் பாதிக்கப்படுவது மிகச் சிலருக்குத்தான்.

இன்றைக்குச் சிகிச்சைக்குப் போகிற ஒருவரின் பத்திரத்தில் '12 கிரே' என்று எழுதியிருக்கும். அந்த இலக்கம் வெறும் கணக்கால் மட்டும் வந்ததில்லை. 70களிலும் 80களிலும் கூடுதல் அளவு வாங்கியவர்களின் முகங்களிலிருந்தும் காதுகளிலிருந்தும் படித்தது அது. அவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த நாளும் அடுத்த வருசமும்

சிகிச்சை நாள் சின்னது. நெற்றியிலும் பின்தலையிலும் விறைப்பு ஊசி போட்டு, நான்கு திருகாணிகளால் ஒரு சட்டத்தைத் தலையில் பூட்டுவார்கள். இப்போது சில இடங்களில் சட்டத்துக்குப் பதிலாக முகமூடி. பிறகு ஸ்கான், திட்டமிடல், கருவிக்குள் கொஞ்ச நேரம். அன்றோ அடுத்த நாளோ வீடு. மயக்க மருந்தும் இல்லை, தையலும் இல்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் வெளியில் ஒன்றும் தெரியாது. முதல் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருசத்துக்கும் இடையில் பல கட்டிகள் சுருங்காமல் வீங்கும். கதிர் பட்ட கட்டியின் உள்ளே நடக்கும் மாற்றம் அது, பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆனால் ஸ்கான் பத்திரத்தில் 'பெருத்திருக்கிறது' என்று வாசிக்கிற ஆளின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் தள்ளாட்டமும் இரைச்சலும் கூடலாம். 'பொறுத்துப் பார்ப்பம்' என்பதுதான் கிடைக்கிற பதில்.

கேட்டல் மெல்ல மெல்லக் குறையும். சிகிச்சையின்போது ஓரளவு கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 10 வருசத்துக்குள் அந்தக் காதின் பயன்படக்கூடிய கேட்டலை இழந்துவிடுகிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. "மற்றக் காது இருக்குத்தானே" எண்டு சொல்லுறது சுகம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூளைக்கு இரண்டு காதும் வேணும். ஒரு காதோடு ரோட்டைக் கடப்பவருக்கு ஓட்டோ ஹோர்ன் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. கலியாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் கதைப்பதைப் பிரித்தெடுக்க முடியாது. கூப்பிட்டால் திரும்பாதவரைப் பார்த்துத் தலைக்கனம் எண்டு சொல்லுவினம்.

சமநிலையும் அப்படித்தான். ஒரு பக்க நரம்பு விட்ட வேலையை மற்றப் பக்கமும் கண்ணும் பாதமும் பங்கிட்டுச் செய்யப் பழகும். அதற்கென்று பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் கரண்ட் போன இரவில், கடற்கரை மணலில், தலையைச் சட்டென்று திருப்பும்போது அந்தப் பங்கீடு குழம்பும். மற்றவர்கள் யோசிக்காமல் செய்கிற வேலையை மூளை நாள் முழுக்க யோசித்துச் செய்கிறது. பின்னேரம் ஆனதும் வரும் களைப்பு அதனால்தான். எந்த ஸ்கானிலும் அந்தக் களைப்பு தெரியாது.

யார் எண்ணுவது?

200 வருசமாக இந்த நோயின் கணக்கை வைத்தியர்கள்தான் எழுதினார்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை முகம் தப்பியது, எத்தனை மில்லிமீற்றர். 1981இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இந்தக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட வெர்ஜினியா ஃபிக்கெல் எர் என்ற பெண் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தனக்கு நடந்ததைப் பற்றிப் பேச இன்னொரு ஆள் கிடைக்காத நிலையிலிருந்து அது தொடங்கியது. 1992இல் பிரித்தானியாவிலும் ஒன்று வந்தது. வைத்தியர் கேட்காத கேள்விகளை அவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். திரும்ப வேலைக்குப் போக முடிந்ததா? எந்தப் பக்கம் படுக்கிறாய்? ஸ்கானுக்கு முந்தின கிழமை உனக்கும் நித்திரை வாறதில்லையா?

மெல்ல மெல்ல ஆராய்ச்சியும் அந்தப் பக்கம் திரும்பியது. 2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இந்த நோய்க்கென்றே ஒரு வாழ்க்கைத்தரக் கேள்விக்கொத்து உருவானது. கேட்டல், சமநிலை, முகம் ஆகியவற்றோடு பதட்டம், உடற்சக்தி, வலி என்பவற்றையும் அது கேட்டது. அப்படி அளந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. வெட்டினவர்கள், கதிர் வாங்கினவர்கள், சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்கிடையில் உள்ள வித்தியாசம் சின்னது. இந்தக் கட்டி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில்தான் பெரிய வித்தியாசம்.

2023இல் நோர்வேயிலிருந்து ஒரு ஆய்வு வெளியானது. சின்ன, நடுத்தர அளவுக் கட்டி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 100 பேர். பாதிப் பேருக்கு உடனே ரேடியோசேர்ஜரி. மற்றப் பாதிப் பேருக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது, வளர்ந்தால் மட்டும் சிகிச்சை. நான்கு வருசம் கழித்துப் பார்த்தால், உடனே சிகிச்சை பெற்றவர்களின் கட்டி தெளிவாகச் சின்னதாகியிருந்தது. ஆனால் கேட்டலிலும் தள்ளாட்டத்திலும் வாழ்க்கைத்தரத்திலும் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை வாசித்துவிட்டு ரேடியோசேர்ஜரி தேவையில்லை என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. வளர்கிற கட்டியை நிறுத்துவது சின்ன விசயம் இல்லை, அது மூளைத்தண்டைத் தொடாமல் காக்கிறது. நோர்வே ஆய்வு சொல்வது வேறு ஒன்று. கட்டியின் அளவும் ஆளின் வாழ்க்கையும் இரண்டு வெவ்வேறு கணக்குகள். முதலாவதை மருத்துவம் நன்றாகச் செய்யப் பழகிவிட்டது. இரண்டாவதுக்குச் சமநிலைப் பயிற்சி, செவிடான பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள், இரைச்சலோடு வாழப் பழக்கும் ஆலோசனை, வேலைத்தலத்தில் ஒரு விளக்கம் என்று பல கைகள் வேணும்.

எங்கட பக்கம்

எங்கட சமூகத்தில் ஒரு காது மந்தம் எண்டால் யாரும் பெரிசாக எடுக்கிறதில்லை. காதுக் குறும்பி, வயசு, தடிமன். போர்க்காலத்தைக் கடந்தவர் எண்டால் ஷெல் சத்தம். பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு காதில் ஒன்று மட்டும் காரணமில்லாமல் மந்தமாகிக்கொண்டு போனால், ஒரு காதில் மட்டும் விடாமல் இரைந்தால், ஒருக்கா காது வைத்தியரிடம் போய்க் கேட்டல் பரிசோதனை செய்ய வேணும். தேவையெண்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுவார். கட்டி சின்னதாக இருக்கும்போது தெரிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம், கதிர் கொடுக்கலாம், வெட்டலாம். மூன்று சென்ரிமீற்றர் அளவைத் தாண்டி வளர்ந்த பிறகு தெரிந்தால் பெரும்பாலும் வெட்டுவது ஒன்றுதான் மிச்சம்.

பக்கத்து இந்தியாவுக்குக் காமா நைஃப் 1997இல் வந்தது. கடல் தாண்டிச் சிகிச்சைக்குப் போக இங்கே பல குடும்பங்கள் காணியை விற்கிறார்கள், கடன் படுகிறார்கள், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கிறார்கள். போகும்போது ஒரு நாள் சிகிச்சைக்கு மட்டும் காசு சேர்த்துக்கொண்டு போகக் கூடாது. அதற்குப் பிறகு வருசா வருசம் எடுக்க வேண்டிய ஸ்கானும் சிகிச்சையின் பகுதிதான். ஊருக்குத் திரும்பி வந்து, "சுகமாத்தானே இருக்கிறன்" எண்டு அதை விட்டுவிட்டால், கட்டி உண்மையில் அடங்கியதா என்று தெரியாமலே போய்விடும்.

எங்களைப் போன்ற இளம் ஆக்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கு. வகுப்பிலோ வேலையிலோ வீட்டிலோ ஒரு காது கேட்காத ஒருவர் இருந்தால், சத்தமாகக் கத்துவதில் பலன் இல்லை. அவரின் நல்ல காதுப் பக்கம் போய் இருந்து, முகத்தைப் பார்த்துக் கதைக்க வேணும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அவரிடமே கேட்கலாம்.